டிக்கிக்குள் தண்ணீர்

அக்டோபர் 22, புதன்

பெருந்துறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கார் டிக்கியில் வைத்திருந்த மஞ்சள் மாதிரிப் பையைத் தூக்கினேன். அடிப்பக்கம் சொதசொதவென்று கையில் ஒட்டியது. நன்றாகக் காய்ந்த விரலி மஞ்சளை ஒடித்தால் டக்கென்று சத்தம் வரும். வியாபாரி பார்க்கிற முதல் பார்வையே அதுதான். இது ஒடியாமல் வளைந்தது. இரண்டு விரலியில் வெள்ளையாகப் பூஞ்சணம். மாசியில் வெட்டி, வேகவைத்து, பதினைந்து நாள் களத்தில் கிளறிக் கிளறிக் காயவைத்த மஞ்சள். வயிறு எரிகிறது.

டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கிறது. சொம்பால் மொண்டேன், மூன்று சொம்பு வந்தது. ஜாக்கி துருவேறி, சுற்றவே வரவில்லை. ஒரு வாரமாகக் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்துக் கிடந்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

அக்டோபர் 23, வியாழன்

விரிப்பு, அதன் அடியில் இருந்த பஞ்சு, பக்கவாட்டு அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. பஞ்சைப் பிழிந்தால் அழுக்குத் தண்ணீர் கொட்டுகிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். களத்தில் விரித்துப் போட்டேன்.

போன ஐப்பசியிலும் இதே கதை. ஒரு பட்டறையில் விட்டேன். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமலே கண்ணாடி ஓரம், டெயில் லைட் ஓரம் என்று சிலிக்கானை அப்பிக் கொடுத்தார்கள். நம் பக்கம் வருஷம் முழுவதும் சேர்த்தே 700 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை. அதில் நல்ல பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மீதி மாதமெல்லாம் வெயிலில் ரப்பர் காய்ந்து கெட்டியாகிறது, கசிவும் நமக்கு மறந்துபோகிறது.

குழியில் தண்ணீர் நிற்பதால் குழியில்தான் ஓட்டை என்று சொல்ல முடியாது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கேயோ தள்ளியிருக்கிற கிணற்றில் ஊற்று ஏறுகிற ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் தகரத்தின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு முழக்கணக்கில் நடந்துபோய், பள்ளம் கண்ட இடத்தில் இறங்கும்.

ஒரு தடயம் கிடைத்தது. இத்தனை வருஷமாக மூட்டைகளில் இருந்து உதிர்ந்த மஞ்சள் தூள் டிக்கியின் இரண்டு ஓரத் தகரத்திலும் படிந்திருக்கிறது. வலப்பக்கம் படிந்தது படிந்தபடியே இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் விரல் அகலத்துக்கு இரண்டு கோடாகக் கழுவிப்போய், தகரம் பளிச்சென்று தெரிகிறது.

அக்டோபர் 25, சனி

பாப்பாவுக்குப் பள்ளி லீவு. பின்சீட்டை மடக்கி, டார்ச்சோடு அவளை டிக்கிப் பக்கம் உட்காரவைத்தேன். பின்கதவை மட்டும் அடைத்தோம். பக்கக் கதவு இரண்டும் திறந்தே கிடந்தன, அவள் அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

தோட்டத்து ஹோஸைக் கொண்டுவந்தேன். நுனியை அமுக்கிப் பீய்ச்சக் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை, அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரும் வழிவிடும். சும்மா வழிகிற அளவுக்குத் திறந்துவிட்டு, கீழேயிருந்து ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று பிரிக்கவே முடியாது. பம்பர் ஓரம் ஐந்து நிமிஷம், ஒன்றுமில்லை. நம்பர் பிளேட் விளக்கு, அதிலும் இல்லை. இடது டெயில் லைட்டுக்கு ஏற்றி மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

"அப்பா, நிறுத்துங்க! வருதுங்கப்பா! அந்த நட்டுக்குப் பக்கத்துல சொட்டுதுங்க!"

அவளுக்கு இருந்த சந்தோஷம் எனக்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு

உள்ளிருந்து மூன்று நட்டு. கழற்றியதும் டெயில் லைட் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் வாசர், காய்ந்த இட்லித் துண்டு மாதிரி நகம் பட்டதும் உதிர்கிறது. அதைவிட மனசைச் சுட்டது பழைய சிலிக்கான். விளக்கின் கீழ் விளிம்பு முழுக்க அப்பியிருக்கிறார்கள். மேலே இருந்து உள்ளே போகிற தண்ணீர் கீழ்வழியாக வெளியே ஓடிவிட வேண்டும். அந்த வழியை அடைத்ததால் விளக்குக்குப் பின்னால் தேங்கி, போல்ட் ஓட்டை வழியாக டிக்கிக்குள் இறங்கியிருக்கிறது. ஒழுகலை நிறுத்தப் பூசியதே ஒழுகலுக்கு வழி செய்திருக்கிறது.

நாளை ஈரோடு போய்ப் புது வாசர் வாங்க வேண்டும். வலப்பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குகிறேன், அதற்கும் அதே வயசுதான்.

அக்டோபர் 27, திங்கள்

வாசர் மாட்டியாயிற்று. நட்டை முறுக்கித் தள்ளாமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். பிளாஸ்டிக் விரிசல் விட்டால் விளக்கே போச்சு.

அக்டோபர் 29, புதன்

ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குழியில் அரைச் சொம்பு.

கோபம் வந்தது. ஆனால் மூன்று சொம்பு அரையானதே, பாதி வேலை சரிதான் என்று அர்த்தம். மஞ்சள் தூளில் கோடு இரண்டு இருந்ததை நான்தான் மறந்துவிட்டேன். டெயில் லைட்டுக்குக் கீழே இருந்தது ஒன்று. இன்னொன்று அதற்கும் மேலிருந்து இறங்கியிருக்கிறது.

நவம்பர் 1, சனி

உள்தகரத்தைத் துணியால் ஒற்றி, காயவிட்டு, பாப்பாவின் முகப்பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவினேன். இந்த முறை ஹோஸ் கூரைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பவுடரில் நூல் மாதிரி ஒரு கோடு, மேல் மூலையில் இருந்து நேராக இறங்கியது.

கூரை ஓரத்தில் நீளமாக ஓடுகிற கறுப்பு ரப்பர் பட்டியை மெதுவாக நெம்பினேன். அடியில் இரண்டு தகரம் சேருகிற தையலில் கம்பெனியில் பூசிய சீலர், கோடைக்காலத்து வயல் மாதிரி வெடித்துக் கிடந்தது. பின்கதவுக் கீலுக்குப் பக்கத்தில் நகம் நுழைகிற அளவு பிளவு.

பழைய சீலரைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, பாலியூரத்தேன் பாடி சீலர் பூசினேன். சிலிக்கான் வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன். காடி நாற்றம் அடிக்கிற சிலிக்கான் வெறும் தகரத்தில் பட்டால் துருவைக் கூட்டும்; சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது.

நவம்பர் 2, ஞாயிறு

சீலர் காயட்டும் என்று வண்டியைத் தோட்டத்துக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு ஸ்டெப்னி குழித் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தேன். ஜாக்கிக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். பஞ்சு இன்னும் காயவில்லை. அவசரப்பட்டு மேலே விரிப்பைப் போட்டு மூடப் போவதில்லை.

நவம்பர் 8, சனி

நேற்று மதியம் ஆரம்பித்த மழை ராத்திரி பன்னிரண்டு வரை விடவில்லை. வண்டியை வேண்டுமென்றே வாசலில் நிறுத்தியிருந்தேன். குழிக்குள் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் காய்ந்த விரலி நாலு வைத்திருந்தேன்.

காலையில் எனக்கு முன்னால் பாப்பா எழுந்து ஓடிவிட்டாள். தாள் மொடமொடவென்று இருக்கிறது. ஒரு விரலியை எடுத்து என் காதுப்பக்கம் வைத்து ஒடித்தாள்.

டக்.

"கேட்டுதுங்களாப்பா?"

கேட்டது. திங்கள்கிழமை மாதிரிப் பையை ஏற்ற வேண்டும்.