ஒரு இனிஷியலுக்காக 14 மாசம்: பழைய பிஎஃப்-ஐ புதுசோட சேர்த்த அனுபவம்

போன வாரம் பாஸ்புக்ல பழைய கம்பெனி பணம் 1,94,000 சொச்சம் புது கணக்குல வந்து உக்காந்திருக்கறத பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. 2024 ஜனவரில ஆரம்பிச்சது, 2025 மார்ச்லதான் முடிஞ்சுது. இதே மாதிரி மாட்டிட்டு நிக்கற யாருக்காவது உதவும்னுதான் எழுதறேன், குறிப்பா கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்துன பொண்ணுங்களுக்கு.

என் கதை இதுதான். 2012 ஜூன்ல இருந்து 2018 ஜனவரி வரைக்கும் திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன். மாமனார் பக்கவாதத்துல படுத்ததும் வேலைய விட்டுட்டேன். திரும்ப 2021 ஆகஸ்ட்ல கோயமுத்தூர்ல வேற கம்பெனில சேந்தேன். அங்க எச்ஆர்ல "பழைய யூஏஎன் இருக்குதா"ன்னு கேட்டாங்க (கம்பெனி மாறுனாலும் மாறாம இருக்க வேண்டிய பிஎஃப் நம்பர் அது), நான் நம்பர் ஞாபகமில்லைன்னு சொன்னேன், அவங்களும் புதுசா ஒண்ணு போட்டுட்டாங்க. அந்த ஒரு பதில்தான் இவ்வளவுக்கும் காரணம். யாரும் அப்படி சொல்லிடாதீங்க, பழைய சம்பள ஸ்லிப்ப தேடி எடுத்து நம்பர குடுத்துட்டு அப்புறம் சேருங்க.

பழைய பணத்த பத்தி யோசிக்க வெச்சது அம்மாவோட முட்டி ஆபரேஷன். 2 லட்சத்துக்கு மேல ஆகும்னு சொல்லிட்டாங்க. பையன் பத்தாவது, அடுத்து பிளஸ் ஒன் பீஸ் வேற நிக்குது. வீட்ல எல்லாரும் சேந்து "சும்மா கெடக்கற பழைய பிஎஃப்-ஐ க்ளோஸ் பண்ணி எடு"ன்னாங்க. அண்ணன் ஒரு படி மேல போய் பிஎஃப் பணத்த எடுக்கற ஃபார்ம் 19, பென்ஷன் பங்க எடுக்கற ஃபார்ம் 10சி ரெண்டையும் பிரிண்ட் எடுத்தே குடுத்துட்டாங்க. அண்ணன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவங்களும் லோன் கட்டிட்டுதான் இருக்காங்க.

ஆனா எங்கப்பா கதை எனக்கு கண்ணு முன்னால இருக்குது. மூணு மில்லு மாறுனாரு, ஒவ்வொரு தடவையும் பென்ஷன் பணத்தையும் சேத்து மொத்தமா எடுத்தாரு. ஒண்ணு அக்கா கல்யாணம், ஒண்ணு வீட்டுக்கு ஓடு மாத்த. கடைசி மில்லுல பத்து வருசம் ஓட்டுனதால மட்டும்தான் பென்ஷனே வருது, மாசம் 1,000 ரூபா. 2014-ல குறைஞ்சபட்சம்னு வெச்ச அதே தொகை. அவரு மாத்திரைக்கே பத்தாது. முன்ன எடுத்த வருசமெல்லாம் கணக்குல இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் கௌரவமா இருந்திருப்பாரு.

அதனால ஒரு நாள் முழுக்க உக்காந்து படிச்சேன். பென்ஷன் கணக்கு, பென்ஷனுக்கு எடுத்துக்கற சம்பளம் பெருக்கல் சர்வீஸ் வருசம், அத 70-ஆல வகுக்கணும். 10 வருச சர்வீஸ் இருந்தாதான் மாசா மாசம் பென்ஷன். 20 வருசம் தாண்டி 58 வயசுல ரிட்டயர் ஆனா 2 வருசம் சேத்து குடுக்கறாங்க. நான் 1982-ல பொறந்தவ, புது கம்பெனி சர்வீஸ் மட்டும்னா 58-ல 19 வருசம்தான் ஆகும். பழைய அஞ்சரை வருசம் சேந்தா 24-க்கு மேல. 10சி போட்டு அத எடுத்துட்டேன்னா திரும்ப எவ்வளவு காசு குடுத்தாலும் அந்த வருசங்க வராது. நகைய அடகு வெச்சா திருப்பிக்கலாம். அப்படின்னு முடிவு பண்ணி என் தோடு, ஆரம் ரெண்டையும் கூட்டுறவு வங்கில வெச்சேன், மீதிக்கு சீட்டு எடுத்தோம், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இன்னொண்ணு, வேற கம்பெனில பிஎஃப் ஓடிட்டு இருக்கும்போது பழசை முழுசா எடுக்க முறைப்படி வழியே கிடையாது, மாத்திக்கத்தான் முடியும்.

சரி, மாத்தலாம்னு போனா ஆரம்பமே முட்டுச்சந்து. பழைய யூஏஎன்ல இருந்த மொபைல் நம்பர் எப்பவோ போயிருச்சு, ஆதாரும் அதுல சேக்கல. பேரு எஸ்எஸ்எல்சி சர்டிபிகேட்படி அப்பா இனிஷியலோட இருக்குது. ஆதார், பேன், பேங்க் எல்லாம் வீட்டுக்காரர் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு வேற வேற பொம்பளைங்க. அதுக்கு மேல பழைய கம்பெனி நான் வெளிய போன தேதிய போடவே இல்ல. அவங்க கணக்குப்படி நான் இன்னும் அங்கதான் வேலை பாக்கறேன்!

பிரவுசிங் சென்டர்ல ஒருத்தரு "குடுங்க மேடம், ரெண்டே நாள்"ன்னு 500 ரூபா வாங்கிட்டு தப்பான மெம்பர் ஐடி (ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியா இருக்கற பிஎஃப் கணக்கு நம்பர்) போட்டு அனுப்பிட்டாரு, ரிஜெக்ட் ஆயிருச்சு. தெரியாதவங்க கைல ஆதாரும் ஓடிபியும் குடுக்காதீங்க, எவ்வளவு அவசரமா இருந்தாலும்.

பேர், தேதி திருத்த நானும் கம்பெனியும் சேந்து குடுக்கற ஜாயின்ட் டிக்ளரேஷன பேப்பர்ல எழுதி பழைய கம்பெனி கையெழுத்து, சீலோட குடுக்கணும்னு தெரிஞ்சுது. லீவ் போட்டு பஸ் ஏறி போனேன். எச்ஆர்ல இருந்தவரு நிமிந்து கூட பாக்கல. "பிஎஃப் பாக்கறவரு செவ்வாக்கெழமை மட்டும்தான் வருவாரு"ன்னாரு. செவ்வாக்கெழமை போனா அந்த கன்சல்டன்ட் 3,000 ரூபா கேட்டாரு. அஞ்சரை வருசம் அதே பில்டிங்ல ராத்திரி எட்டு மணி வரைக்கும் கணக்கு எழுதிருக்கேன், என் பணத்த என் கணக்குக்கு மாத்த என்கிட்டயே காசு கேக்கறாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உக்காந்து அழுதேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

அப்புறம் முதலாளியம்மாவுக்கே ஒரு லெட்டர் எழுதி, சேந்த தேதி, விட்ட தேதி, பழைய சம்பள ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் காப்பி எல்லாம் வெச்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனேன். பத்தே நாள்ல போன் வந்துச்சு, "வாம்மா, கையெழுத்து போட்டு வெச்சிருக்கேன்"னு. அந்தம்மா நல்லா இருக்கணும். வெளிய போன தேதியையும் அன்னைக்கே கம்பெனி லாகின்ல போட வெச்சாங்க. ரிலீவிங் லெட்டர தயவு செஞ்சு பத்திரமா வெச்சுக்கோங்க, எனக்கு அதுதான் கை குடுத்துச்சு.

பிஎஃப் ஆபீஸ் கவுன்டர்ல கேட்டது நியாயமான கேள்விதான். ரெண்டு இனிஷியலும் ஒரே ஆளுதான்னு என்ன அத்தாட்சி? எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட் இருந்துச்சு, மேரேஜ் சர்டிபிகேட் இல்ல. 2007-ல சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சிருந்தோம், நல்லவேளை, ஆனா அது தாராபுரத்துல மாமியார் வீட்டு பீரோல கெடக்குது. அன்னைக்கு நாளும் போச்சு, லீவும் போச்சு. கெளம்பும்போதே மார்க் ஷீட், மேரேஜ் சர்டிபிகேட், ஆதார், பேன் நாலையும் ஒரிஜினலும் காப்பியுமா பையில போட்டுக்கோங்க.

அடுத்த தடவை ஆபீசுக்கு போகாம 27-ம் தேதி கேம்ப்புக்கு போனேன். நிதி ஆப்கே நிகட்னு ஒவ்வொரு மாசமும் 27-ம் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் பிஎஃப்காரங்க நடத்தறாங்க, லீவ் நாளா இருந்தா அடுத்த வேலை நாள்ல. நெறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. அங்க ஒரு மேடம் என் பேப்பர் எல்லாத்தையும் பொறுமையா வரிசைப்படுத்தி, அப்பா பேரு கட்டத்த நான் காலியா விட்டிருந்தத காட்டி, அங்கயே எழுத வெச்சு வாங்கிக்கிட்டாங்க. பேர் திருத்தம் ஆயிருச்சு. பழைய கணக்க புதுசுக்கு மாத்தற ஃபார்ம் 13-ஐ ஆன்லைன்லயே போட்டேன், இப்ப இருக்கற கம்பெனி அப்ரூவ் பண்ணிட்டாங்க.

பணம் வந்த அன்னைக்கு இன்னொரு பயம். பாஸ்புக்ல பென்ஷன் கட்டத்துல 0-ன்னு காட்டுச்சு. போச்சுடான்னு நெனச்சேன். விசாரிச்சா, பென்ஷன் பணம் பாஸ்புக்குல இருந்து பாஸ்புக்குக்கு மாறாதாம், சர்வீஸ் மட்டும்தான் சேருமாம். சர்வீஸ் ஹிஸ்டரில பழசு, புதுசு ரெண்டு கம்பெனியும் ஒரே யூஏஎன்ல வரிசையா இருக்குதான்னு பாத்துக்கோங்க, இருந்தா பயமில்ல. எனக்கு இருந்துச்சு. அன்னைக்கே ஆன்லைன்ல வாரிசு பேர் போடற இ-நாமினேஷன்ல வீட்டுக்காரர், பையன் பேரையும் ஏத்திட்டேன்.

இப்ப மாசம் 1,500 ரூபா கூடுதலா விபிஎஃப்-ல (நாமளா விரும்பி பிஎஃப்-ல சேத்து போடறது) பிடிக்க சொல்லி எச்ஆர்ல எழுதி குடுத்துருக்கேன், 2023-24-க்கு 8.25% வட்டி போட்டாங்க, அதுக்கும் அதே வட்டிதான். பையன் காலேஜுக்கு போஸ்ட் ஆபீஸ் ஆர்டி தனியா ஓடுது, அத இதோட கலக்கறதில்லைன்னு வீட்ல பேசி வெச்சுட்டோம். தோடு மீட்டாச்சு, ஆரம் இன்னும் பேங்க்லதான் இருக்குது.

வீட்டுக்காரருக்கும் பழைய பிஎஃப் நம்பர் ரெண்டு அப்படியே கெடக்குது, ஒரு கம்பெனி மூடியே போச்சு. அவரோட எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட்ட நேத்துதான் தேடி எடுத்தேன். வர்ற 27-ம் தேதிக்கு ரெண்டு பேரும் லீவ் சொல்லிட்டோம்.