இரவு இரண்டு மணிக் குறிப்பு

தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் 14 ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இத்தனை வருடங்களில் நான் பார்த்த மிக நேர்த்தியான பராமரிப்புக் குறிப்பு, ஒரு பெண்மணி கோடு போட்டு எழுதிய சாதாரண நோட்டுதான். மணி, எந்தப் பக்கம் திருப்பினார், தோலில் சிவப்பு உண்டா, கதீட்டரில் எத்தனை மில்லி சிறுநீர் வந்தது என்று நான்கு கட்டங்கள். அவருடைய கணவருக்குக் கழுத்தில் காயம். முழங்கையை மடக்குவார், விரல்கள் அசையாது.

ஏழு மாதத்தில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. அந்த நோட்டைப் பயிற்சி மாணவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இரவு 10, 12, 2, 4, காலை 6. ஒரு நாளும் விடுபடவில்லை. அந்த வரிகளில் நான் கணவரின் தோலைப் படித்தேன். எழுதியவர் எப்போது தூங்கினார் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது.

அவர் சொல்லாமலும் இல்லை. ஒருமுறை, "ரெண்டு மணிக்கு அவரைத் திருப்பும்போது, எப்போது விடியும் என்று இருக்கிறது மேடம்" என்றார். நான் காற்று மெத்தையைப் பற்றி விளக்கினேன். எந்த வகை, எப்படிப் பராமரிப்பது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்த முறை மணிக்கட்டு வலி என்று வந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது கணவரின் எடை முழுவதும் அவர் கைகளில் இறங்கியிருக்கிறது. வழுக்குப் பலகையை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக்கொண்டே, பேச்சுவாக்கில் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்போதெல்லாம் விடியாமலே போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறது."

மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் படிவத்தில் 9 கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. அதிகபட்ச மதிப்பெண் 27. பத்தைத் தொட்டாலே மனநல மருத்துவர் பார்க்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எல்லா நோயாளிகளிடமும் நிரப்பி வாங்குகிறோம். அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரிடம் ஒருமுறைகூட நீட்டியதில்லை. அவர் பெயரில் கோப்பு இல்லையே, எதில் வைப்பது?

அன்று நீட்டினோம், தனி அறையில், கணவர் இல்லாமல். 17 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வரும். ஆனால் நான் போய்விட்டால் நாலு மணிக்கு அவரை யார் திருப்புவார்கள்?" என்றார்.

அவரைத் தூங்கவிடாமல் செய்ததில் எங்கள் பங்கும் இருக்கிறது. மார்பின் ஆறாவது தண்டுவட நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, கதீட்டர் அடைத்துச் சிறுநீர்ப்பை நிறைந்தால்கூட ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும். கவனிக்காவிட்டால் பக்கவாதம்வரை போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், கதீட்டரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தப் பயத்தைக் காதில் போட்டு அனுப்பிவிட்டு, வீட்டில் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

உறவினர்கள் பங்கு வேறு. வருகிறவர்களெல்லாம், "தெய்வம் மாதிரி பார்த்துக்கொள்கிறாய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு இந்த வாக்கியத்தைக் கண்டாலே எரிச்சல். தெய்வத்திடம் யாரும் போய், 'நீ கொஞ்சம் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லமாட்டார்கள் அல்லவா! அதோடு, தெய்வமாகிவிட்டவர் எரிச்சலாக இருக்கிறது, அழுகை வருகிறது என்று யாரிடம் சொல்வார்? கணவரிடமும் சொல்லமுடியாது, தன்னால்தான் இவளுக்கு இந்தப் பாடு என்று அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். காலையில் மலம் கழிக்கவைத்து, துடைத்து, உடை மாற்றி, அதே கையோடு மனைவியாகப் பக்கத்தில் உட்காருவது எளிதல்ல என்றும் அவர் பிறகொரு நாள் சொன்னார். அதற்கு என்னிடம் எந்தப் பயிற்சியும் இல்லை.

மனநல மருத்துவர் மாத்திரையும் ஆலோசனையும் தொடங்கினார். என் கையில் இருந்தது தூக்கம் மட்டும்தான். குப்புறப் படுக்கப் பழக்கினால் இடுப்பின் பின்பக்கத்திலும் குதிகாலிலும் அழுத்தம் விழாது. இடைவெளியை அரைமணி அரைமணியாகக் கூட்டினோம். திருப்பியதும் எலும்பு துருத்தும் இடங்களைப் பார்க்கவேண்டும். சிவப்பு அரைமணிக்குள் மறைந்தால் அந்த இடைவெளி தாங்கும், மறையாவிட்டால் பழைய நேரத்துக்கே திரும்பவேண்டும். ஆறு வாரத்தில் நான்கு மணி நேரத்தை எட்டினோம். இதை நான் முன்பே செய்திருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற ஒழுங்கின் அழகில் மயங்கியிருந்தேன்.

கணவரின் தம்பியையும் வரவழைத்துத் திருப்பவும் கதீட்டர் வைக்கவும் பழக்கினோம். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு இரண்டு பேராவது கற்றுக்கொள்ளாமல் யாரையும் அனுப்புவதில்லை. நோயாளி சாய்வுப் பலகையில் நிற்கும் இருபது நிமிடத்தில், கூட வந்தவரை வெளியே அழைத்துப்போய்ப் பேசுகிறேன். பாதிப் பேர், "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். மறுமுறையும் கேட்பேன்.

அவர் முழுவதும் தேறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் கழித்து மதிப்பெண் 9. அடுத்து கணவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது மறுபடி 13. போன வாரம் புது நோட்டு கொண்டுவந்தார். இரவு 12க்கு அடுத்த வரியே 4. அந்த வரி மட்டும் கிறுக்கலான வேறு கையெழுத்தில் இருந்தது. சிறுநீர் அளவை எழுத மறந்திருந்தார் தம்பி. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.