மாமா பையனின் கட்-ஆஃப்

பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் எங்கள் விடுதி மொட்டை மாடியில் வேறு பேச்சே கிடையாது. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப்.

"அண்ணா, 171.5 வருது. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமா?" என்று மாமா பையன் போனில் கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஆதங்கமாக இருந்தது. பதினோராம் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய விஷயம் இது.

அப்புறம் மெஸ் சாப்பாடு, துணி துவைப்பது பற்றிக் கேட்டான். நாமேதான் துவைக்கணும், ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் இடம் பிடிக்கணும் என்றேன். கலந்தாய்வில் கொடுக்கும் கல்லூரி விருப்பப் பட்டியலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிடைக்குமா என்று யோசிக்காமல், பிடித்த வரிசையில் நிறையக் கல்லூரிகளைப் போடச் சொல்லியிருக்கிறேன்.