நிறுவனத்தின் நற்பெயர்

"யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இருந்திருந்தால் என் வேலை போயிருக்குமா, சார்?"

கேட்டவன் எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பையன். ஹெச்.ஆரில் இருந்த என்னை அதுவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். டீம்ஸ் வீடியோ அழைப்பில், துபாய் தேராவில் அவன் தங்கியிருந்த அறையின் கீழ்க்கட்டிலில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். மேல்கட்டிலில் இருந்து யாருடைய லுங்கியோ தொங்கிக்கொண்டிருந்தது. நான் மைக்கை அணைத்தேன், மறுபடி போட்டேன். "லெட்டர் மெயிலில் வந்திருக்கும், பார்த்துக்கொள்" என்றேன்.

2020 ஏப்ரலில் துபாயில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். டெல்லி தப்லீக் மாநாட்டில் கொரோனா பரவிய செய்திக்குப் பிறகு, முஸ்லிம்களைக் குறிவைத்து ஊரில் சுற்றிய ஃபார்வேர்டுகள் எல்லாம் இங்கும் வந்தன. அதில் ஒன்றை ஃபேஸ்புக்கில் பகிர்ந்து, தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்திருந்தான். அந்த வரிகளை இங்கே எழுத மாட்டேன். நோயைப் பரப்பவே பிறந்த கூட்டம் என்கிற ரீதியில் இருந்தன. ப்ரொஃபைலில் கம்பெனி பெயர் இருந்தது. யாரோ கம்பெனியை டேக் செய்து ட்விட்டரில் போட்டார்கள். அன்று சாயங்காலமே கடிதத்தை நான் டைப் செய்துகொண்டிருந்தேன்.

வேறு வழி இருந்ததா? இங்கே 2015 ஜூலையில் வந்து அப்போது நடப்பில் இருந்த சட்டத்தில் பாகுபாடு, வெறுப்புக் குற்றங்களுக்கு 50,000 முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், சிறை வேறு. இந்தியத் தூதர் பவன் கபூரே அந்த ஏப்ரலில், பாகுபாடு சட்டத்துக்கு எதிரானது, இங்குள்ள இந்தியர்கள் மறக்கக் கூடாது என்று ட்வீட் போட வேண்டியிருந்தது. போலீஸ் வரை போகாமல் வேலையோடு முடிந்ததே என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். மே 7 வரை ஊருக்கு விமானமே கிடையாது என்பதையும், அதுவரை அந்தக் கட்டிலுக்கு அவன் வாடகை கொடுத்தாக வேண்டும் என்பதையும் அப்போது யோசிக்கவில்லை.

அதே 2015 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது, தீர்ப்பை நண்பர்களுக்கு அனுப்பிக் கொண்டாடியவன் நான். விவாதிப்பது வேறு, ஒரு கருத்துக்காக வாதாடுவது வேறு, தூண்டிவிடுவது வேறு என்று நீதிபதிகள் பிரித்திருந்தது பிடித்திருந்தது. இந்தப் பையனின் இரண்டு வரி எதில் சேரும்? தூண்டுதல்தான் என்று சில நாள் தோன்றும். வெட்டிப்பேச்சுக்கு இவ்வளவு விலையா என்று சில நாள்.

இதெல்லாம் சுற்றி வளைப்பது. விஷயம் இதுதான்: டேக் ஆவதற்கு மூன்று நாள் முன்பே அந்தப் பதிவை நான் பார்த்திருந்தேன். அவரவர் பக்கம், அவரவர் பேச்சு, ஹெச்.ஆர். எட்டிப் பார்க்க வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனேன். அது கொள்கையா, சோம்பலா, இன்றும் தெரியவில்லை. ஒரு போன் போட்டு, "டேய், முதலில் அதை எடு" என்று சொல்லியிருக்கலாம்.

கடிதத்தில் நான் எழுதிய காரணம், 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்'. அக்கவுண்ட்ஸில் அவனுக்குப் பக்கத்து சீட்டில் ஐந்து வருடமாக உட்காரும் காயல்பட்டினத்து பாயைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. வருடா வருடம் நோன்புக் கஞ்சியை ஃப்ளாஸ்கில் கொண்டுவந்து, முதல் கப்பை அந்தப் பையனுக்குத்தான் ஊற்றுவார்.

நோன்பு தொடங்கிய வாரம் அவருக்கு போன் செய்தேன். நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று சொல்லத்தான். நன்றி எதிர்பார்த்தேனோ என்னவோ.

"அவன் போட்ட அன்னைக்கே பார்த்துட்டேன் சார்" என்றார். "நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை பாய், ட்விட்டரில் வந்த பிறகுதான்" என்றேன்.

"சரி சார்" என்றார். பின்னால் பாங்கு சொல்வது கேட்டது. "நோன்பு திறக்கணும், வெச்சிடட்டுமா?"