பக்கத்து வீட்டு அவகாடோ

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் எஸ்கொண்டிடோவில் நாங்கள் குடிவந்த வீட்டின் பின்பக்கம் ஒரு மரவேலி உண்டு. வேலிக்கு அந்தப் புறம் பெரிய அவகாடோ மரம். அதன் கிளை ஒன்று எங்கள் பக்கம் சாய்ந்து, காயும் இலையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது மார்ச் மாதம். பாதிச் சாமான் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்துவிடுவேன். போன் பண்ணலாம் என்றால் ஊரில் எல்லோரும் படுக்கப் போகிற நேரம். அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இன்று பழுக்கும், நாளை பழுக்கும் என்று மூன்று வாரம் பார்த்தேன். ஒரு காய்கூட நிறம் மாறவில்லை.

அவகாடோ மரத்தில் பழுக்காது. மரத்தில் முற்றத்தான் செய்யும். பறித்த பிறகுதான் கனியும். முற்றிய காயைப் பறிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். இந்த ஊரில் மரம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆசை தாங்காமல் ஒரு நாள் கடையில் இரண்டு வாங்கி வந்தேன். பச்சைப் பசேலென்று, பார்க்க அழகாக இருந்ததால் அதை எடுத்தேன். ஊரில் இதை பட்டர் ஃப்ரூட் என்போம். ஜூஸ் கடையில் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துத் தருவார்கள், நானும் குடித்திருக்கிறேன். முழுப் பழத்தை என் கையால் வெட்டியது அதுவரை இல்லை. கத்தி இறங்கவே சிரமப்பட்டது. கொட்டையோடு சதை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கீரை கடையும் மத்தை வைத்து அழுத்தினால் ரப்பர் மாதிரி நழுவியது. வாயில் போட்டால் துவர்ப்பும் கசப்பும். அன்று சாயங்காலம் அதைக் குப்பையில் போட்டபோது அழுகை வந்துவிட்டது. பழத்துக்காக வந்த அழுகை இல்லை என்று எனக்கே தெரியும். புது இடத்தில் சின்ன விஷயம் ஒன்று கைகூடாமல் போனால், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்துவிடுகிறது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா. அறுபது வயது இருக்கும். மெக்சிகோவில் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர். நீண்ட கொம்பின் நுனியில் துணிப்பை கட்டிய துறட்டி ஒன்றை வைத்துக்கொண்டு காய் பறித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கிளையிலிருந்தும் நாலு காய் பறித்து, ஒரு பழுப்புக் காகிதப் பையில் எட்டாகப் போட்டு வேலிக்கு மேலே நீட்டினார். "மிஹா" என்றார். மகளே என்று அர்த்தம். வயதில் சின்னப் பெண் யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அந்த வார்த்தை எனக்குக் குறைந்துபோகவில்லை. நான் அவரை "சென்யோரா" என்று கூப்பிடுவேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், எனக்கு ஸ்பானிஷ் அறவே கிடையாது. மீதியைக் கைதான் பேசியது.

எட்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று காட்டினார். மூன்றைக் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வாயை மடித்து வைக்கச் சொன்னார். வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் வாயு வரும், பைக்குள் அது தங்கிக் காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். மற்றவற்றை மேசை மேல் சும்மா வைத்தால் போதும். பழுத்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது தடைப்பட்டுவிடும். இது தெரிந்த பிறகு, ஒரு வாரம் முழுக்க நாளுக்கொன்றாகப் பழம் வருகிற மாதிரி வைத்துக்கொள்ள முடிந்தது.

பழுத்துவிட்டதா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நான் கட்டைவிரலால் அழுத்தினேன். அவர் என் கையை மெல்லத் தட்டிவிட்டார். விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் உள்ளே கன்றிப் போய்க் கறுத்துவிடும். உள்ளங்கையில் வைத்து, ஐந்து விரலும் சேர்ந்து மூடி, குழந்தை கையைப் பிடிக்கிற அளவுக்கு ஒரு அழுத்தம். லேசாக இணங்கினால் சரி. இறுகி இருந்தால் "தோதாவியா நோ", அதாவது இன்னும் இல்லை. இணங்கினால் "யா". நான் கற்றுக்கொண்ட முதல் ஸ்பானிஷ் வார்த்தைகள் இவைதான். சந்தேகமாக இருந்தால் காம்புக் குமிழைக் கிள்ளிப் பார்க்கலாம். சுலபமாக வந்து, கீழே பச்சையாக இருந்தால் வெட்டலாம், பழுப்பாக இருந்தால் கடந்துவிட்டது. அவர் மரம் ஹாஸ் என்கிற ரகம். அதன் தோல் பழுக்கப் பழுக்கக் கருஊதாவாக மாறும். நான் கடையில் அழகு என்று எடுத்தது எல்லாம் பச்சைக் காய்.

அவர் அந்தப் பழத்தில் செய்கிற இரண்டு பண்டம் உண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கான க்வாகமோலே. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் அவகாடோவுக்கு 'ஆவகாத்ல்' என்றும், அரைத்த குழம்பு வகைக்கு 'மோல்லி' என்றும் பெயர். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சொல். வெங்காயம், தக்காளி எல்லாம் கடிபடக் கடிபடக் கிடக்கும். இன்னொன்று வேலை முடிந்து வந்த சாயங்காலத்துக்கானது. மிக்ஸியில் ஐந்து நிமிடத்தில் முடிகிற, வெண்ணெய் போல் வழுவழுவென்று இருக்கிற, சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்கிற டிப். என் சமையலறையில் நின்று அவர் முதலில் செய்து காட்டியது இந்த இரண்டாவதைத்தான். இதைத்தான் நான் இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் செய்கிறேன்.

நடுத்தர அளவில் இரண்டு பழம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தோலைக் கழுவிவிட வேண்டும். தோலை உரித்துத்தானே போடப்போகிறோம் என்று விட்டால், மேலே இருக்கிற அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். பழத்தைப் பலகையில் படுக்க வைத்து, நீளவாக்கில் சுற்றி வெட்டி, இரு கையாலும் திருகினால் இரண்டாகப் பிரியும். கொட்டையைக் கத்தியால் கொத்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தி போட்டு உள்ளங்கையைக் கிழித்துக்கொள்கிறவர்கள் இங்கே அதிகம்; அந்தக் காயத்துக்கு 'அவகாடோ ஹேண்ட்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு கரண்டி போதும், நெம்பினால் வந்துவிடும். நன்றாகப் பழுத்திருந்தால் கொட்டை தானே கழன்று நிற்கும். தோலை ஒட்டி இருக்கிற கரும்பச்சைச் சதையை விடாமல் வழித்தெடுங்கள். டிப்புக்கு நிறம் அதிலிருந்துதான் வருகிறது.

மிக்ஸியில் முதலில் பழத்தைப் போடக் கூடாது. இது முக்கியம். ஒரு செரானோ மிளகாய் (மெக்சிகோ பச்சை மிளகாய்), பாதிப் பூண்டுப் பல், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, கால் கப் கெட்டித் தயிர். இவை முதலில் நைசாக அரைய வேண்டும். கொத்தமல்லித் தண்டைக் கிள்ளி எறிய வேண்டாம், தண்டிலும் வாசனை இருக்கிறது. தயிருக்குப் பதில் சென்யோரா 'க்ரேமா' என்கிற மெக்சிகோ பாலேட்டை ஊற்றுவார். எனக்குத் தயிர்தான் பிடிக்கும், புளிப்பு சேர்கிறது. இவை அரைந்த பிறகு பழத்தைப் போட்டு, விட்டு விட்டு நாலைந்து சுற்று. நிறுத்தாமல் ஓடவிட்டால் காற்று ஏறி நுரைத்துவிடும், சீக்கிரம் கறுக்கவும் செய்யும். கெட்டியாக இருந்தால் இரண்டு கரண்டித் தண்ணீர். அவ்வளவுதான்.

எலுமிச்சையில் ஒரு குழப்பம் எனக்கு வெகுநாள் இருந்தது. கடையில் மஞ்சளாக, பெரிதாக இருப்பது லெமன். பச்சையாக இருப்பது லைம். எலுமிச்சை என்றால் லெமன் என்று பள்ளியில் படித்ததை நம்பி மஞ்சளையே வாங்கிக்கொண்டிருந்தேன். ரசத்துக்குப் பிழிந்தாலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருக்கும். சென்யோரா என் கையிலிருந்த மஞ்சள் பழத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் வீட்டிலிருந்து சின்னப் பச்சைப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுதான் லிமோன்" என்றார். முகர்ந்து பார்த்தேன். அம்மா ஊறுகாய்க்கு நறுக்கும்போது வருகிற அதே வாசனை. மூன்று மாதமாகத் தேடியது இன்னொரு பெயரில் பக்கத்துத் தட்டிலேயே இருந்திருக்கிறது.

டிப் கறுக்காமல் இருக்க நடுவில் கொட்டையைப் போட்டு வைப்பார்கள். சென்யோராவும் அப்படித்தான் செய்வார். கொட்டை தொடுகிற இடம் மட்டும் பச்சையாக இருக்கும், சுற்றிலும் மறுநாள் பழுப்பேறிவிடும். சதையில் இருக்கிற நொதி காற்றுப் பட்டதும் வேலை செய்வதால் வருகிற நிறம் அது. காற்றைத் தடுப்பதுதான் வழி. பிளாஸ்டிக் தாளைக் கிண்ணத்தின் வாயில் கட்டினால் பயனில்லை, டிப்பின் மேலேயே படிகிற மாதிரி அழுத்தி ஒட்ட வேண்டும். எலுமிச்சையும் தாமதப்படுத்தும். எப்படியானாலும் மறுநாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இரவு தாண்டுவதில்லை.

ஏப்ரல் மாதம் ஃபால்புரூக்கில் நடக்கிற அவகாடோ திருவிழாவுக்கு என்னைக் காரில் கூட்டிப்போனார். போகிற வழியில் மலைச்சரிவெல்லாம் தோப்பு. சில இடங்களில் மரங்களை இடுப்புயரத்தில் வெட்டி, மொட்டைத் தண்டுக்கு வெள்ளையடித்து நிறுத்தியிருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டை வெடிக்காமல் இருக்க அந்த வெள்ளை. சில மரங்கள் மறுபடி துளிர்ப்பதற்காக வெட்டியவை, சில தண்ணீர் விலை கட்டுப்படியாகாமல் வெட்டியவை என்று விளக்கினார். அவர் கணவர் பல வருஷம் அந்தத் தோப்புகளில் காய் பறித்தவர். அந்த இடம் வந்ததும் சென்யோரா பேசுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஹாஸ் மரத்தின் கதையை அந்தத் திருவிழாவில்தான் கேட்டேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் லா ஹாப்ரா ஹைட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஹாஸ் என்று ஒரு தபால்காரர். 1920களில் அவர் நட்ட விதைகளில் ஒன்று முளைத்து வந்தது. அப்போது பேர் பெற்றிருந்த ஃபூயர்த்தே ரகத்தை அதன்மேல் ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள், ஒட்டு பிடிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்ட மரம் காய்த்தது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழம்தான் பிடித்துப்போனது. 1935இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகத்தில் எங்கே ஹாஸ் மரம் நின்றாலும் அது அந்த ஒரு மரத்திலிருந்து வழிவழியாக ஒட்டுக்கட்டியதுதான். தாய்மரம் வேரழுகல் நோய் வந்து 2002இல் வெட்டப்பட்டுவிட்டது. எங்கள் வேலிக்கு மேலே சாய்ந்த கிளையும் அந்த மரம்தான் என்று நினைத்தபோது, அன்று இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

க்வாகமோலேவுக்கு அவர் மிக்ஸியைத் தொடமாட்டார். மொல்காஹேத்தே என்று மூன்று கால் வைத்த கல் உரல் ஒன்று இருக்கிறது, எரிமலைக் கல்லில் குடைந்தது. எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். உடனே அரைக்கக் கூடாது, முதலில் பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும், கல்தூள் நின்று மாவு வெள்ளையாக வருகிறவரை திரும்பத் திரும்ப அரைக்க வேண்டும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது, மிச்சத்தை நானே முடித்தேன். தெருவில் அம்மி கொத்துகிறவர் வந்துபோன மறுநாள் பாட்டி அதைத்தான் செய்வாள். அரிசியை அரைத்து அரைத்து வழித்துக் கொட்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் தண்ணீர் தெளிப்பேன். இதைக் கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து மாற்றி மாற்றி அரைத்தோம். நாலாவது முறைதான் மாவு வெளுத்தது.

டிப் செய்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வேலிக்கு மேலே நீட்டுவது வழக்கமாகிவிட்டது. ருசி பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். "சால்" என்றால் உப்பு போதவில்லை. "லிமோன்" என்றால் புளிப்பு போதவில்லை. நான் உள்ளே ஓடிப்போய்ச் சேர்த்துக்கொண்டு வருவேன். முதல் வருஷம் முழுக்க இதுதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அதேபோல் நீட்டினேன். ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தார். நான் எலுமிச்சையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு விரல் எடுத்தார். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, சிப்ஸ் பையைக் கொண்டுவரச் சொல்லிப் பேரனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.