டிகிரி கைக்கு வந்தது, பணம் வரவில்லை

அப்பாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். நூல் எடுத்துப் போய்விட்டு நான்கு லட்சம் பாக்கி வைத்தவர் மேல் போட்ட வழக்கு. மறுவாரம் வக்கீல் ஆபீஸுக்குப் போனால் குமாஸ்தா இன்னொரு வக்காலத்தை நீட்டி, "டிகிரி வந்தாச்சு சார், இனி ஈ.பி. போடணும்" என்கிறார். டிகிரி என்றால் தீர்ப்பாணை, ஈ.பி. என்றால் அதை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்கும் நிறைவேற்று மனு. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

கோர்ட்டு தானாக வசூலித்துத் தராது. கடன்காரருக்கு என்ன சொத்து, யார் பேரில், எந்த பேங்கில் கணக்கு, எல்லாவற்றையும் ஜெயித்தவர்தான் தேடிக் கொடுக்க வேண்டும். நாங்கள் தேடியபோது அவர் வீடு மனைவி பேருக்கு மாறியிருந்தது, வில்லங்கம் போட்டுப் பார்த்தால் வழக்கு போட்ட ஆறாவது மாதமே மாற்றியிருக்கிறார். தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க வழி உண்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-வது கட்டளை. எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

ஜப்தி செய்ய அமீனா, அதாவது கோர்ட்டு ஊழியர், போன அன்று நானும் கூடப் போனேன். டிவி, பீரோ என்று எழுதிக்கொண்டே வந்தவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தாலி, கைத்தொழில் கருவி இதையெல்லாம் தொடக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. உள்ளே அந்த அம்மா தாலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்த விதி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கோபப்படுவது வாய்தாவின் மேல். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில், 1980-ல் போட்ட ஒப்பந்தத்துக்கு, 2025 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் நிலத்தை ஒப்படைக்கச் சொன்னது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்புறம் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 8.82 லட்சம் மனுக்கள் தேங்கிக் கிடந்தன.

இப்போது சித்தப்பா மகன் துபாய் கோர்ட்டுத் தீர்ப்போடு வந்து நிற்கிறான், கூட்டாளி பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் பட்டியலில் சேர்த்துவிட்டதால், சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் தீர்ப்புகளைப் போலவே அதையும் நேராக மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். அமெரிக்கத் தீர்ப்பாக இருந்தால் மூன்று வருடத்துக்குள் இங்கே புது வழக்கே போட்டிருக்க வேண்டும். கூட்டாளி அங்கே ஆஜராகவில்லை, சரி, ஆனால் ஆள் வரவில்லை என்பதற்காக மட்டும் எழுதிய தீர்ப்பென்றால் அதே சட்டத்தின் 13-வது பிரிவில் அடிபட்டுப்போகும். நல்லவேளை, அந்த நீதிபதி செக்கையும் கணக்கையும் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஒரே குறை, இதுவரை எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்று அந்தக் கோர்ட்டு தரும் சான்றிதழை அவன் வாங்கவில்லை. அது இல்லாமல் இங்கே மனுவே போட முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான்.