கவை

அக்டோபர் 23
அத்தை ராத்திரி முழுக்க இருமினார்கள். விடிந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். மரமல்லியில் மொக்கு தெரிகிறதாம். எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 24
மொக்குதான். ஜன்னல் பக்கக் கிளையில் மட்டும் நாலைந்து கொத்து. கஜா அடித்த அடுத்த ஆடியில், தென்னை விழுந்த குழியில் வைத்த கன்று. இப்போதுதான் முதல் பூ.

அக்டோபர் 28
சின்னவள் ஒஹையோவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள். வாசலில் நின்ற பேரி மரம் நேற்றைய காற்றில் சரிபாதியாகப் பிளந்து கார் மேல் கிடக்கிறது. பிராட்ஃபோர்டு பேரி. பழத்துக்கு இல்லை, பூவுக்காக வைப்பது. ஏப்ரலில் இலை விடுமுன் மரமே வெள்ளையாக நிற்கும். வீடியோவில் காட்டியபோது அத்தை கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார்கள். கிட்டப் போனால் மீன் கவிச்சி அடிக்கும் என்று அவள் சொன்னதை மட்டும் நம்பவேயில்லை. 1963-இல் அழகு மரமென்று விற்பனைக்கு விட்டார்களாம். கிளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நெருக்கியடித்து மேலே போகும். பதினைந்து, இருபது வருஷத்தில் தன் கனத்திலேயே பிளக்கும். பறவைகள் விதையைக் கொண்டுபோய்க் கண்ட இடத்திலும் முளைக்க, ஒஹையோவில் 2023 முதல் விற்கவே தடை. இது அவள் வீடு வாங்குமுன்பே நின்றது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளந்த இடத்தில் மேலே ஒரு சாண் ஆழத்துக்கு மரமே இல்லை, கறுத்த பட்டை. இத்தனை நாள் பட்டையோடு பட்டை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 29
டார்ச் அடித்து, நம் மரம் இரண்டாகப் பிரிகிற கவையைப் பார்த்தேன். நடுவில் கறுப்புக் கோடு, தேங்கிய மழைத்தண்ணீர், ஓரமாக எறும்புச் சாரி. நகம்கூட நுழையவில்லை. மரமல்லியே பட்டென்று முறிகிற சாதி. கன்றில் ஆடு கொழுந்தைக் கடித்து இரண்டாகத் துளிர்த்தது. ஒன்றைக் கிள்ளப் போனேன். “இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும்மா, விடு” என்றார்கள் அத்தை. விரல் கனத்தில் இருந்தபோதே கழித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 31
அத்தையின் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றியாச்சு. மொக்கு நீண்டிருக்கிறது.

நவம்பர் 3
மரம் வெட்டுகிறவர் வந்தார். “ஜன்னல் பக்கத்த எடுத்துடலாம்க்கா, அதுதான் வீட்டு மேல சாயும்.” மொக்கெல்லாம் அதில்தானே. என் வீட்டுக்காரரும் எடுக்கலாம் என்கிறார். நான் மாட்டேன் என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 5
நாகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கடைசியில் மறுபக்கக் கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, இரண்டையும் வடக்கயிற்றால் சேர்த்துக் கட்டினோம். பட்டை அறுபடாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப் சுற்றினேன். வயலில் சம்பா முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. அதைப் பார்க்க இன்று போகவில்லை.

நவம்பர் 6
ராத்திரி வாசனை வந்தது. எழுந்து ஓடினேன். விடியலில் ஈரமண்ணில் ஒன்றே ஒன்று கிடந்தது. விரல் நீளக் குழல், நுனியில் சின்ன வெள்ளை இதழ்கள், ஒன்றில் மண் ஒட்டியிருந்தது. துடைக்காமலே அத்தை உள்ளங்கையில் வைத்தேன். மூக்கில் குழாய் இருந்ததால் முகர முடியவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள்.

“மேல இன்னும் இருக்கா?”

நவம்பர் 8
கரண்ட் போய்விட்டது. வாடைக்காற்றுதான் அடிக்கிறது. கஜாவில் இந்த வாடையைத் தாங்கிய மரங்களெல்லாம் திரும்பி அடித்த காற்றில்தான் சாய்ந்தன. கயிறு முறுகுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. அத்தை கூப்பிடுகிறார்கள்